ஆற்று மணலில் அத்தானைப் புதைத்த கோடை

சிலோன் டி.வி. பார்ப்பதற்காக மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டவர்கள் நாம். ஐம்பதைத் தாண்டிய நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் டி.வி. வந்த புதிதில் சென்னைப் படம் எட்டவே எட்டாது. கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கைப் படம்தான் எட்டும். அதுவும் சும்மா எட்டுமா? தென்னைக்குப் போட்டியாகக் குழாயை உயர்த்தி, உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, தென்கிழக்கே திருப்பினால் எட்டும். சிங்களத்தில் செய்தி வாசிப்பார்கள். ஒரு இழவும் புரியாது. ஆனாலும் தெருவே வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும்.

நான் இன்றைக்கும் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொட மாட்டேன். உலர்ந்த கையோடு தொடுவதும் சந்தேகம்தான். மிக்ஸியை மருமகள்தான் போட வேண்டும். "அத்தைக்குக் கரண்ட்னாலே காய்ச்சல்" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கரண்ட் ஒரு மனிதனைப் பிடித்து நின்றதை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

அந்தக் கோடையில் நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். சேரன்மகாதேவியில், ஆற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் 'சார்வாள்'. சார்வாள் ஒன்றைச் சொல்லிவிட்டால் தெருவில் மறுபேச்சு கிடையாது, வீட்டில் கேட்கவே வேண்டாம். அத்தான் என்பது அம்மாவின் அண்ணன் மகன். டவுணில் பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். அக்காவுக்கும் அவருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்த அன்றிலிருந்து அக்கா அவர் எதிரே வரக் கூடாது என்று அம்மா தடை போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் என்ன கூத்து என்று எனக்கே சிரிப்பாக இருக்கும்.

அடுத்த தெருவில் ஒரு சபராளி இருந்தார். துபாய்க்குப் போய் சம்பாதித்து வந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பெரிய டி.வி. ஒன்று கொண்டுவந்ததும், பழையதை அப்பா வாங்கிக்கொண்டார். அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். படம் வருவதற்கு முன்னாலேயே அதற்கு விபூதி பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டியாயிற்று. ஆண்டெனா கட்டுவது மட்டும்தான் பாக்கி. அதற்கு அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

எங்கள் மாடிக்குப் பக்கத்தில், அரிசி மில்லுக்குப் போகிற பெரிய கரண்ட் லயன் ஓடியது. ஈரக்காற்று அடித்தால் அது 'ஙொய்'யென்று முனகும். குழாயை நிமிர்த்தினால் அதற்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா? இல்லை. ஊரில் எத்தனையோ வீட்டில் நட்டிருக்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்ற நினைப்புதான்.

ஆண்டெனா திருப்புவது ஒரு ஆள் வேலையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மாடியில் ஒருவர் திருப்ப வேண்டும், கீழே ஒருவர் பெட்டியைப் பார்க்க வேண்டும், நடுவில் ஒருவர் சேதி சொல்ல வேண்டும். அப்பா பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா மாடிப்படி வளைவில், அத்தான் கண்ணில் படாமல் நின்றாள். நான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளி புள்ளியாத் தெரியுது. இன்னுங்கொஞ்சம் ஒசத்தச் சொல்லு!" என்றார் அப்பா.

"இன்னும் ஒசத்தணுமாம்!" என்று அக்கா கத்தினாள்.

"இன்னுமா? மாமா என்னைக் கொழும்புக்கே அனுப்பிருவாவ போலுக்கே!" என்றார் அத்தான் மேலேயிருந்து. படிவளைவில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் குழாயைத் தூக்கி அடியில் செங்கல் கொடுக்கப் போனார். தலை கனத்த குழாய் பைய ஒருபக்கம் சாய்ந்தது. அவர் அதை விடாமல் இழுத்துப் பிடித்தார். ஆண்டெனா லயன்மேல் போய் உட்கார்ந்தது.

'டப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கை குழாயைப் பிடித்திருந்தது. அவர் பிடித்திருந்தாரா, அது அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு குழாய் தானாகச் சரிந்து தெருவில் விழ, அவரை யாரோ பிடித்துத் தள்ளியதுபோல மாடித் தரையில் விழுந்தார். தெருவில் எல்லா வீட்டு ஃபேனும் நின்றது. முடி தீய்ந்த வாடை முற்றம்வரை வந்தது.

நாங்கள் அலறியடித்து மேலே ஓடினால், அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்! தலையை உதறிக்கொண்டு, "படம் தெரிஞ்சுதா மாமா?" என்கிறார்.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "முப்பிடாதி, நீ காப்பாத்துன தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தானின் வலது உள்ளங்கையில் ஒரு காசளவுக்குப் புண். ரத்தமில்லை. சாம்பல் வெள்ளையாக, ஓரம் கறுத்து, உலர்ந்து கிடந்தது. இடது கால் ரப்பர் செருப்பில் ஒரு ஓட்டை, அதற்கு நேராகக் குதிகாலில் இன்னொரு சின்னப் புண்.

"வலிக்கா மாப்ளே?"

"இல்ல மாமா. மரத்துப் போய்க் கெடக்கு. வேற ஒண்ணும் தெரியல."

வலிக்கவில்லை என்றதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அவரைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். அப்பா ஒரு அதட்டல் போட்டார்.

"தொடாத! அவன் ஒடம்புல இன்னும் கரண்ட் நிக்கும். எர்த் பண்ணாம யாரும் தொடக் கூடாது."

இடி விழுந்தவனை மண்ணில் புதைத்து வைத்தால் மண் அதை இழுத்துக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. வயற்காட்டில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அப்பா வேறு நேரமாக இருந்தால் அதை மூடநம்பிக்கை என்று சிரித்திருப்பார். அன்றைக்கு அவருக்குப் பாடப் புத்தகத்தின் 'எர்த்' என்ற சொல் நினைவுக்கு வந்துவிட்டது. மின்சாரம் பூமிக்குள் இறங்கும், ஆகவே ஆளைப் பூமிக்குள் இறக்கு. அனுபவசாலிகள் ஒருபக்கம், சயன்ஸ் ஒருபக்கம், இரண்டும் ஒன்றையே சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

தெருக்காரர்கள் ஆளுக்கொரு மூங்கில் கழியை நீட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி, அத்தானை ஆற்றுக்குக் கூட்டிப் போனார்கள். யாரும் தொடவில்லை. கோடையில் தாமிரபரணி ஒதுங்கி ஓடும், கரையோரம் மணல் விரிந்து கிடக்கும். அதில் குழி தோண்டி, அவரை உட்காரவைத்து, கழுத்துவரை மணலைத் தள்ளினார்கள். இரண்டு கையும் உள்ளே. மணலுக்கு மேலே தலை மட்டும். அது பேசியது.

"ஏட்டி குட்டி, என்ன அங்கனயே நிக்க? பக்கத்துல வா. சூரசம்ஹாரத்துல வெட்டுன தல மாதிரி இருக்கேனா?"

நான் போகவில்லை. அவர் உடம்பிலிருந்து இறங்கும் கரண்ட் மணலுக்கடியில் ஓடி என் காலைத்தான் தேடி வரும் என்று உறுதியாக நம்பினேன். துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டேன். ஈர மணல் வெயிலில் மினுங்கும்போதெல்லாம் அது வருகிறது என்று நினைத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன். குளித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஈரத்துணியோடு கரையேறிப் போய்விட்டார்கள்.

சபராளி கேள்விப்பட்டு ஓடிவந்தார். "சார்வாள், என்ன இது? துபாய்ல இப்படி ஆச்சுன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குல்லா கொண்டு போவானுவ? வண்டி நிக்கி, எடுத்தாரட்டுமா?"

"எதுக்கு பாய்? ஆளு நல்லாப் பேசுதான், நடந்தே வந்தான். காசளவு புண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போனா லயன்ல ஏன் குழாய் பட்டுதுன்னு கேஸ் ஆக்கிருவானுவ. கல்யாணம் வச்சிருக்க வீடு."

சபராளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அல்லா காப்பாத்தட்டும்" என்று போய்விட்டார்.

வெயில் கொளுத்தியது. அத்தான் தண்ணீர் கேட்டார். பத்தடி தள்ளி ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது! அப்பா, "தண்ணி கரண்டைக் கடத்தும் மாப்ளே, கொஞ்சம் பொறு" என்றார். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அப்பா கெட்டவர் இல்லை. குடையை அத்தான் தலைக்குப் பிடித்துவிட்டு, தான் வெயிலில் நின்றார். ஆனால் தண்ணீர் கொடுக்கவில்லை.

பொழுது சாயச் சாய அத்தானின் பேச்சு குறைந்தது. "மாமா, கை உள்ளுக்குள்ள வீங்குத மாதிரி இருக்கு. இறுக்குது."

"கரண்ட் எறங்குதுலே. எறங்கும்போது அப்படித்தான் இருக்கும்."

அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்பாவை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் தோண்டியெடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மரம் கரண்டைக் கடத்தாது என்று மர பெஞ்சில் படுக்கை. வலது கைமேல், தொடாமல், ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். எவர்சில்வர் டம்ளர் ஆகாது என்று தேங்காய்ச் சிரட்டையில் காபி, அதுவும் ரெண்டே மடக்கு. அத்தான் சிரட்டையைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குச் சீர்வரிசை இப்பமே ஆரம்பிச்சாச்சா அத்தை?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இரவு நெடுக அவர் முனகிக்கொண்டே கிடந்ததாக அம்மா சொன்னாள். நான் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் அவரால் எழுந்து போக முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். அம்மா அதை வெளியே எடுத்து வந்தாள். முற்றத்து வெளிச்சத்தில் அப்பாவிடம் காட்டினாள். கருப்பட்டிக் காபி நிறத்தில் இருந்தது.

"என்னங்க இது? மூத்திரம் இப்படியா போவும்?"

அப்பா டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார். "சூடு" என்றார். "வெயில்ல இருந்தாம்லா. தொப்புள்ல வெளக்கெண்ண வையி."

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "எனக்கென்னமோ காமாலை மாதிரி தெரியுது. கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க" என்றாள். இப்படி முற்றத்தில் வைத்தியம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர். யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. நேரே பெஞ்சுக்குப் போனாள்.

"ஏட்டி, எங்க போற? எதிர்ல வரக் கூடாதுன்னு சொன்னேம்லா!" என்று அம்மா கத்தினாள்.

அத்தான் செம்பை வாங்க வலது கையை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. அக்கா துண்டை விலக்கினாள். விலக்கியதும் அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

"தொடாத!" என்று அப்பா போட்ட சத்தத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்கா செத்துவிழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உங்கள் யாருக்காவது அந்த மாதிரி ஒரு நொடி வாய்த்திருக்கிறதா? எதிரிக்குக்கூட வேண்டாம்.

ஒன்றும் விழவில்லை. அக்காவின் குரல்தான் கேட்டது.

"கரண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பா, இங்க வந்து பாருங்க. கை கல்லு மாதிரி இருக்கு. சில்லுன்னு இருக்கு."

கண்ணைத் திறந்தேன். முழங்கைக்குக் கீழே கை, தொடை கனத்துக்கு வீங்கி மினுமினுத்தது. விரல் ஐந்தும் உள்ளே மடங்கி, நுனி கறுத்திருந்தது. அக்கா ஒரு விரலைப் பைய நிமிர்த்தப் பார்த்தாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வேடிக்கை பேசிக்கொண்டிருந்த மனிதர் போட்ட அலறல், அடேயப்பா, தெருக்கோடிவரை கேட்டது.

அப்பா அப்போதும் அசையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அக்கா வாசலுக்கு ஓடிப்போய், "பாய் மாமா! வண்டிய எடுங்க மாமா!" என்று கத்தினாள். அதற்கு முன்னால் அவள் தெருவில் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

சபராளி அம்பாசடரில் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். என்னை விட்டுவர ஆளில்லாமல் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பின் சீட்டில் அத்தான் தலை அக்கா மடியில் கிடந்தது. செம்புத் தண்ணீரை அவள் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் விட்டாள். அத்தான், "எனக்கு ஒண்ணுமில்லட்டி, நெஞ்சுதான் எடறி எடறி அடிக்கி" என்றார். சபராளி ஓதிக்கொண்டே ஓட்டினார். நான் முருகனைக் கூப்பிட்டேன், அவர் ஓதியதையும் சேர்த்துச் சொன்னேன். எது கேட்கும் என்று யாருக்குத் தெரியும்?

டாக்டர் இளவயசுக்காரர். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "எப்ப அடிச்சுது?" என்றார்.

"இன்னைக்குக் காலைலதான்" என்றார் அப்பா.

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஒரு நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி கேட்டார். "சரியாச் சொல்லுங்க. நேரத்தை வச்சுத்தான் வைத்தியம். எப்ப?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "நேத்து மத்தியானம் டாக்டர். அப்புறம் ஆத்து மணல்ல பொதச்சு வச்சிருந்தோம். தண்ணி குடுக்கல. இன்னைக்கு மூத்திரம் காபி மாதிரி போச்சு."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். தாழ்ந்த குரலில்தான் பேசினார். "ஐயா, வெளிய காசளவு புண்ணு, சரி. கரண்ட் உள்ளங்கைல நுழைஞ்சு குதிகால் வழியா வெளிய போயிருக்கு. போற வழியெல்லாம் எலும்பை ஒட்டி உள்ளுக்குள்ள சதையை வேக வச்சிட்டுப் போயிருக்கு. அந்தப் புண்ணு எடத்துல நரம்பே செத்துப் போனதால வலி தெரியல. அந்தச் செத்த சதைதான் ரத்தத்துல கலந்து மூத்திரமா வருது. கிட்னி அடைச்சா ஆள் போயிரும். நேத்துலேர்ந்து தண்ணி தண்ணியாக் குடுத்திருக்கணும்."

"கை?" என்றாள் அக்கா.

"நேத்தே வந்திருந்தா கிழிச்சுவிட்டு வீக்கத்தைத் தணிச்சிருக்கலாம். இப்ப முதல்ல உசிரைப் பாப்போம்மா."

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பேர் நடமாடுகிற வராந்தாவில், சட்டைக் காலருக்குள் கைக்குட்டை வைத்திருக்கிற சார்வாள், தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எர்த் பண்ணினேனே, எர்த் பண்ணினேனே" என்று அதையே சொன்னார். சபராளிதான் அவரைத் தூக்கி உட்காரவைத்தார். முந்தின நாள் சொன்னதைச் சொல்லிக் காட்டவில்லை, அந்த மட்டுக்கும் பெரிய மனுஷன்.

உயிர் தங்கியது. முழங்கைக்கு மேலே வைத்துக் கையை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தபோது அப்பா மின்சாரப் பாடத்தை மட்டும் வேறு வாத்தியாரை நடத்தச் சொன்னார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். டி.வி. பெட்டி பூத்துணி உறையோடு பரணுக்குப் போயிற்று. அத்தானைப் பெற்ற மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணப் பேச்சு அவர்கள் பக்கமும் எடுக்கவில்லை, எங்கள் பக்கமும் எடுக்கவில்லை. ஒற்றைக் கையனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று இங்கேயும், கையைப் பறித்த வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று அங்கேயும் பேசினார்கள். அக்கா ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் தொட்டுட்டேன். வேற எங்கயும் போமாட்டேன்" என்றாள். மறு வருஷம் ஆவணியில் அத்தான் இடது கையால் தாலியை எடுத்துக் கொடுக்க, அவருடைய தங்கச்சி வாங்கி மூன்று முடிச்சும் போட்டாள்.

கரண்ட் அதோடு விடவில்லை. கல்யாணமான சில மாதத்தில் அத்தானின் வலது கண்ணில் புரை விழுந்தது. முப்பதுகூட ஆகாத ஆளுக்குப் புரையா என்று கேட்டதற்கு, அதுவும் அந்த அடியின் வேலைதான் என்றார் கண் டாக்டர். அத்தான் பாத்திரக் கடைக்கே திரும்பப் போனார். இடது கையால் எழுதப் பழகினார். பிள்ளைகளை ஆளாக்கினார். வேடிக்கைப் பேச்சு மட்டும் குறையவேயில்லை. அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் ஏதோ சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்தி, பல்லைக் கடித்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்குப் பதறியது. "நெஞ்சு வலியாக்கா?" என்று எழுந்தேன்.

"நீ இரி. அவியளுக்குக் கை வலிக்கி" என்றாள் அக்கா.

எந்தக் கை என்று கேட்கவந்தவள் வாயை மூடிக்கொண்டேன். அக்கா நறுக்கிக்கொண்டிருந்த பாக்கை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்தாள். சட்டைக் கை தொங்குகிற இடத்துக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில், இரண்டு கையையும் ஏந்தினாள்.

"மடங்கிட்டா அத்தான்?"

"ஆமாட்டி. நகம் குத்துது."

அவள் விரல்களால் ஒரு கட்டைவிரலைப் பிடித்து நிமிர்த்தினாள். அங்கே எதுவுமில்லை. ஆனால் அவர் முகம் சுளித்தது. "பைய, பைய" என்றார். அடுத்ததை நிமிர்த்தினாள். அடுத்ததை. அவர் மூச்சு பைய இறங்கிக்கொண்டே வந்தது. எத்தனை வருஷமாக இது நடக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கல்யாணத்தன்றைக்குச் சின்னப் பெண்ணாக இருந்தவளின் தலை முழுக்க நரைத்திருந்தது.

அக்கா கையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"சுண்டுவெரலு இன்னும் நிமிரலட்டி" என்றார் அத்தான்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.